அதிபர் மாறினாலும் நிற்கும் விதி

இலங்கையின் அரசாங்கப் பாடசாலைகள் காலை 7.30 மணிக்குத் தொடங்குகின்றன. அந்த நேரம் எல்லோருக்கும் பொது. ஆனால் 7.35க்கு வந்து நிற்கும் பிள்ளையை என்ன செய்வது என்பது பாடசாலைக்குப் பாடசாலை வேறுபடுகிறது. ஓரிடத்தில் கேற் பூட்டப்பட்டுப் பிள்ளை வெயிலில் நிற்கிறது. இன்னோரிடத்தில் பெயரை எழுதிவிட்டு உள்ளே விடுகிறார்கள். மற்றோரிடத்தில் அன்று வாயிலில் கடமையில் இருக்கும் மாணவத் தலைவர் யார் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரே பாடசாலையில்கூட, அதிபர் இடமாற்றம் பெற்றுப் போனால் அடுத்த திங்கட்கிழமையே வழக்கம் மாறிவிடும். அங்கே விதி இல்லை என்று சொல்ல முடியாது. விதி இருந்தது, அது ஒருவருடைய மேசையில் இருந்தது, அவர் போகும்போது அவருடனேயே போய்விட்டது.

பாடசாலைக் கொள்கை என்று பேசும்போது நாம் பெரும்பாலும் இரண்டைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கல்வி அமைச்சிலிருந்தோ மாகாணக் கல்வித் திணைக்களத்திலிருந்தோ வருகிற சுற்றுநிருபம் ஒன்று. அதிபர் காலைக் கூட்டத்தில் சொல்கிற அறிவித்தல் மற்றொன்று. முன்னது எல்லாப் பாடசாலைகளுக்கும் பொதுவானது. பின்னது ஒருவரின் சொல்லோடு முடிவது. இவ்விரண்டுக்கும் நடுவில், ஒரு பாடசாலைச் சமூகம் தனக்கென்று கூடிப் பேசி, எழுதி, ஏற்றுக்கொண்டு, குறித்த காலத்தில் திரும்ப எடுத்துப் பார்க்கிற முடிவு என்று ஒன்று இருக்கிறது. இக்கட்டுரை கொள்கை என்று சொல்வது அதைத்தான். திருகோணமலை மாவட்டத்துப் பாடசாலைகளில் அந்த நடு இடம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது என்பது என் கணிப்பு.

அந்த நடு இடத்தை நிரப்புவதற்கென்றே சில நாடுகள் தனி அமைப்பை வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் ஏறத்தாழ 13,000 பாடசாலை மாவட்டங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் கல்விச் சபை உண்டு. சபை ஆசிரியருக்குப் பாட அட்டவணை போடுவதில்லை, பிள்ளையைத் தண்டிப்பதுமில்லை. அதன் வேலை கொள்கையை வகுப்பது. அதை நடைமுறைப்படுத்துவது சபை நியமிக்கும் கண்காணிப்பாளரின் வேலை. ஆகவே அங்கே எழுதப்படும் ஆவணங்களும் இரு வகைப்படுகின்றன. எது வேண்டும், ஏன் வேண்டும் என்பதைச் சபை தன் கொள்கையில் சொல்லும். எப்படிச் செய்வது என்பதை நிருவாகம் தன் நடைமுறை விதியில் சொல்லும். படிவம் மாறினாலோ தொலைபேசி எண் மாறினாலோ சபை கூட வேண்டியதில்லை. நோக்கம் மாறினால் கூடியே ஆக வேண்டும். புதிய கொள்கை வரைவைப் பல சபைகள் ஒரே கூட்டத்தில் நிறைவேற்றிவிடுவதில்லை. ஒரு கூட்டத்தில் முதல் வாசிப்பு, அடுத்த கூட்டத்தில் இரண்டாம் வாசிப்பு. இடையில் கிடைக்கும் வாரங்களில் பெற்றோரும் ஆசிரியரும் படித்துக் கருத்துச் சொல்லலாம். இந்த இடைவெளியை வெறும் சடங்கென்று கருதக்கூடாது. அவசரத்தில் பிறக்கும் விதிகளுக்கு அதுதான் தடுப்பு.

அவசரத்தில் பிறந்த விதிக்கு அந்த நாட்டிலேயே புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. 1965 டிசம்பரில் அயோவா மாநிலத்தின் டி மொயின் நகரில், வியட்நாம் போரை எதிர்த்து மாணவர் சிலர் கையில் கறுப்புப் பட்டி கட்டிவரப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அதிபர்கள் கூடி, அதற்கு முன் இல்லாத தடையொன்றை விதித்தார்கள். உள்ளூர்க் கல்விச் சபையும் அவர்கள் பக்கமே நின்றது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1969இல் மாணவருக்குச் சாதகமாக முடிந்தது. வகுப்பு குழம்பியது என்று காட்ட முடியாத இடத்தில், கருத்தைத் தடுக்க மட்டும் விதி செய்ய முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஒரு குறிப்பிட்ட நாளுக்காக, ஒரு குறிப்பிட்ட குழுவை மனதில் வைத்து எழுதப்படும் விதி எவ்வளவு பலவீனமானது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுச் சட்டத்தால் தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைச் சபைகள் தோன்றி, 1902இல் ஒழிக்கப்பட்டு, அவற்றின் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களிடம் போனது. நமக்கோ அத்தகைய தெரிவுசெய்யப்பட்ட சபை ஒருபோதும் இருந்ததில்லை. ஆனாலும் சபையைக் குறிக்கும் 'போர்ட்' என்ற ஆங்கிலச் சொல் தமிழருக்கு அந்நியமானதன்று. 1923இல் சு. இராசரத்தினம் முன்னின்று தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கத்தை மக்கள் 'இந்து போர்ட்' என்றே அழைத்தார்கள். திருகோணமலையில் இந்துப் பாடசாலைகளை 1925இல் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்றது. விபுலானந்த அடிகள் இங்கே அதிபராகப் பணியாற்றினார். கத்தோலிக்க, மெதடிஸ்த திருச்சபைகளும் தத்தம் பாடசாலைகளை நடத்தின. ஒவ்வொரு பாடசாலைக்கும் முகாமையாளர் ஒருவர் இருந்தார். கொள்கை அவருடையது, கேள்வி கேட்க வேண்டியவர் யார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளை அரசு எடுத்துக்கொண்டபோது முகாமையாளர் மறைந்தார். அவருடைய கட்டடம் அரசுக்கு வந்தது, ஆசிரியர் நியமனமும் அரசுக்கு வந்தது. அவர் செய்துவந்த கொள்கை வேலை மட்டும் யாரிடம் வந்தது என்பது தெளிவாகச் சொல்லப்படவில்லை. கொழும்புக்குப் போயிற்று என்பது பாதி உண்மைதான்.

1987ஆம் ஆண்டின், அரசியலமைப்புக்கான 13ஆவது திருத்தம் அந்தப் பாதியை மீண்டும் பிரித்தது. பெரும்பாலான பாடசாலைகள் மாகாணத்தின் கீழ் வந்தன; தேசியப் பாடசாலைகள் என்று வகுக்கப்பட்டவை மத்திய அமைச்சின் கீழேயே இருக்கின்றன. திருகோணமலை நகரில் இவ்விரு வகைப் பாடசாலைகளும் ஒன்றுக்கொன்று நடைதூரத்தில் இருப்பதைக் காணலாம். மாவட்டம் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என ஐந்து கல்வி வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அமைச்சு, மாகாணத் திணைக்களம், வலயம், கோட்டம் என்று நான்கு படிகள் கடந்துதான் ஒரு கடிதம் அதிபரின் மேசைக்கு வருகிறது. போதாததற்கு, கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தபின் தெரிவுசெய்யப்பட்ட சபை கூடவேயில்லை. கல்வி தொடர்பாக மாகாண நியதிச்சட்டம் இயற்ற வேண்டிய மன்றமே கூடாத ஆண்டுகள் இவை. மேலே மன்றம் இல்லாதபோது, கீழே பாடசாலை மட்டத்தில் எழுதப்படும் கொள்கையின் பெறுமதி கூடுகிறது, குறைவதில்லை.

பாடசாலை மட்டத்தில் அதிகாரத்தைப் பகிரும் முயற்சிகள் இல்லாமலில்லை. 1993இல் பாடசாலை அபிவிருத்திச் சபைகளை அமைக்க நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. ஆட்சி மாறியபின் அது நிலைக்கவில்லை. 2006இல் பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் பரீட்சார்த்தமாகத் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்தது. அதன்படி அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் ஆகியோரின் பிரதிநிதிகளும் வலயத்தின் பிரதிநிதி ஒருவரும் சேர்ந்த பாடசாலை அபிவிருத்திக் குழு திட்டத்தையும் செலவையும் தீர்மானிக்கும். அதிபரும் பகுதித் தலைவர்களும் அடங்கிய முகாமைத்துவக் குழு அன்றாட வேலையைப் பார்க்கும். அமெரிக்கக் கல்விச் சபைக்கும் கண்காணிப்பாளருக்கும் இடையிலுள்ள அதே பிரிவினைதான் இது, ஒரு முக்கிய வேறுபாட்டுடன்: இங்கே இரண்டு குழுவுக்கும் தலைவர் அதிபரே. கொள்கை வகுப்பவரும் அதை நடத்துபவரும் ஒருவராக இருந்தால், அவருக்குக் கொள்கையை எழுதிவைக்க வேண்டிய தேவையே தோன்றாது. ஆகவே குழுக் கூட்டங்கள் பெரும்பாலும் கூரைத் தகடு, மேசை கதிரை, விளையாட்டுப் போட்டிச் செலவு ஆகியவற்றில் தொடங்கித் தேநீரில் முடிகின்றன. நிதிக்கு வாய்த்த கவனம் நடத்தை விதிகளுக்கு வாய்ப்பதில்லை.

இனி, பிந்தி வரும் பிள்ளையிடம் திரும்புவோம். ஒரு கொள்கை எப்படிப் பிறக்க வேண்டும் என்பதைக் காட்ட இதைவிடச் சிறிய, இதைவிடச் சிக்கலான விடயம் கிடைக்காது.

முதலில் பார்க்க வேண்டியது வரவுப் பதிவேடு. ஒரு தவணைக்குப் பிந்தி வந்தவர்களின் பெயர்களை ஊர் வாரியாக எழுதினால், ஒழுக்கக் குறைவு என்று நாம் நினைத்துக்கொண்டிருந்ததில் பெரும்பகுதி பேருந்துப் பிரச்சினையாக மாறிவிடும். நகரப் பாடசாலைகளுக்கு நிலாவெளியிலிருந்தும் சீனன்குடாவிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டபின் அந்தப் பக்கத்துப் பயணம் எளிதானது. ஆனால் வீதியில் எத்தனை பாலம் இருந்தாலும் காலையில் ஒரே பேருந்துதான் என்றால், அது பிந்தும் நாளில் இருபது பிள்ளைகள் சேர்ந்து பிந்துவார்கள். அவர்களோடு, பாடசாலைக்குப் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு பிந்துகிறவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது நீதியாகாது. பதிவேட்டைப் பார்க்காமல் எழுதப்படும் கொள்கை இவ்விருவரையும் பிரித்தறியாது.

அடுத்தது, மேலேயுள்ள சட்டம் எதை அனுமதிக்கிறது என்பது. கட்டாயக் கல்வி வயதெல்லை 1998 முதல் 5 தொடக்கம் 14 வரை என்றிருந்து, 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. அந்த வயதுப் பிள்ளையைப் பாடசாலைக்கு வரவைப்பதற்கே அரசு விதி செய்திருக்கும்போது, வந்த பிள்ளையைக் கேற்றுக்கு வெளியே நிறுத்தித் திருப்பி அனுப்பும் விதிக்கு என்ன அடிப்படை இருக்க முடியும்? அடிப்பதும் முடியாது. உடல்ரீதியான தண்டனையைத் தடுக்கும் அமைச்சுச் சுற்றுநிருபங்கள் பல ஆண்டுகளாக உள்ளன. 2021 பெப்ரவரியில் இலங்கையின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம், ஆசிரியர் அடித்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவர் ஒருவரின் வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறும் கொடூரமான நடத்தை என்று தீர்ப்பளித்து இழப்பீடும் வழங்கச் செய்தது. சுற்றுநிருபத்தை மீறினால் வலயத்துக்குப் பதில் சொன்னால் போதும் என்றிருந்த எண்ணத்தை அந்தத் தீர்ப்பு மாற்றியது. பாடசாலை வகுக்கும் எந்தக் கொள்கையும் இந்த வேலிக்கு உட்பட்டதே.

மூன்றாவது, வீட்டைப் பற்றிய அறிவு. 'மூன்று நாள் பிந்தினால் பெற்றோரை அழைத்து வர வேண்டும்' என்பது எல்லோரும் எழுதும் வரி. எழுதுகிறவரின் மனதில் தாயும் தகப்பனும் வீட்டிலிருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. இந்த மாவட்டத்திலோ தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருக்கலாம். தகப்பன் இரவு கடலுக்குப் போய்க் காலையில் மீன் விற்கும் நேரத்தில்தான் கரையில் நிற்பார். பிள்ளையை எழுப்பி அனுப்புகிறவர் அம்மம்மாவாக இருப்பார். அழைத்து வர ஆளில்லாத பிள்ளை நாலாம் நாள் வராமலேயே விட்டுவிடும். பிந்துதலைத் தடுக்கும் விதி இடைவிலகலுக்குக் காரணமாகிவிடும். 'பெற்றோர் அல்லது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். வர முடியாவிட்டால் தொலைபேசியில்' என்று சேர்த்தால் வரி சற்று நீளும், ஆனால் அந்தப் பிள்ளை நிற்கும்.

இதை வரைவில் கண்டுபிடிப்பது யார்? அதிபர் அறையில் மூவர் இருந்து எழுதினால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அபிவிருத்திக் குழுவில் இருக்கும் பெற்றோர் பிரதிநிதிகள் பெரும்பாலும் கூட்டத்துக்கு வர வசதியுள்ளவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் பிந்துவதில்லை. ஆகவே வரைவை வகுப்புப் பெற்றோர் கூட்டங்களில் வாசித்துக் காட்ட வேண்டும். அச்சிட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது, வாசிக்க வேண்டும். இரண்டாம் வாசிப்புக்கு முன் ஒரு மாதமாவது விட வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் அமெரிக்கச் சபைகளிடமிருந்து கடன் வாங்கினாலும் நமக்கு இலாபம்தான்.

எழுதும் மொழியும் ஒரு விடயம். நமது பாடசாலை அறிவித்தல்களில் 'கண்டிப்பாக', 'தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற தொடர்கள் தாராளமாக வரும். தகுந்த நடவடிக்கை என்றால் என்ன, எடுப்பவர் யார் என்பது எங்கும் இராது. கொள்கையில் ஒவ்வொரு வினைக்கும் ஓர் எழுவாய் வேண்டும்: பெயரை எழுதுபவர் யார், எந்தப் புத்தகத்தில், தொலைபேசி எடுப்பவர் வகுப்பாசிரியரா பகுதித் தலைவரா, முடிவில் உடன்படாத பெற்றோர் யாரிடம் போவது. செயப்பாட்டு வினையில் எழுதப்பட்ட கொள்கை பொறுப்பை யாருக்கும் கொடுக்காது. இலக்கணக் குறிப்பாகச் சொல்லவில்லை. பிணக்கு வரும் நாளில் இந்த வரியைத்தான் எல்லோரும் தேடுவார்கள்.

கொள்கையின் எல்லையையும் கொள்கையே சொல்ல வேண்டும். கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பாலத்துக்குப் பதிலாக ஓடிய படகுப் பாதை (மிதவைப் படகு) கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். பாலம் கட்டுவதும் படகைப் பரிசோதிப்பதும் எந்தப் பாடசாலையின் அதிகாரத்திலும் இல்லை. ஆனால் தன் பிள்ளைகளில் எத்தனை பேர் நீரைக் கடந்து வருகிறார்கள் என்பதை எழுதிவைப்பதும், கடும் மழை நாளில் அவர்கள் வராததை வராமையாகக் கணக்கிடாமல் விடுவதும், 'பிந்தினால் வெளியே' என்ற பயத்தில் நிரம்பி வழியும் படகில் ஏறத் தூண்டாமலிருப்பதும் பாடசாலையின் கைக்குள் அடங்கும் காரியங்களே. நேரந்தவறாமை பற்றிய கொள்கையைப் பாதுகாப்பிலிருந்து தனியே எழுத முடியாது என்பதை இந்த மாவட்டம் அறியும்.

பிந்தி வருவதை விடக் கடினமான விடயங்கள் ஆடையும் நம்பிக்கையும். 2018இல் நகரத்துப் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா தொடர்பாக எழுந்த பிணக்கு தெருவுக்கு வந்து, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் போயிற்று. நான்கு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தலைதூக்கியது. எந்தப் பக்கம் சரி என்ற வாதத்துக்குள் நான் இங்கே நுழையவில்லை. கொள்கை என்ற கண்ணோடு பார்த்தால் அங்கே தெரிவது ஒன்றுதான்: ஒரு தரப்பு 'பாரம்பரியம்' என்றது, மறு தரப்பு 'உரிமை' என்றது, இரண்டையும் எடைபோட்டு முன்கூட்டியே எழுதப்பட்ட, மேலிடத்தின் சட்டத்தோடு ஒத்துப்பார்க்கப்பட்ட ஆவணம் எதையும் யாரும் எடுத்து நீட்டவில்லை. பாரம்பரியம் எழுதப்படாதவரை அதன் எல்லை எங்கே என்று யாருக்கும் தெரியாது. தமிழ், முஸ்லிம், சிங்களச் சமூகங்கள் ஒரே பேருந்தில் போகும் மாவட்டத்தில், எழுதப்படாத வழக்கத்தை நம்பியிருப்பது மற்ற ஊர்களில் போல் பாதுகாப்பானதன்று. பிணக்கு இல்லாத ஆண்டில் எழுத வேண்டியதைப் பிணக்கு வந்த வாரத்தில் எழுதினால், அது டி மொயின் அதிபர்களின் தடையைப் போலத்தான் ஆகும்.

பணம் பற்றிய விதிகள் இவ்வளவு சிக்கலானவையல்ல. பெற்றோரிடம் எதற்குப் பணம் பெறலாம், எதற்குப் பெறக்கூடாது என்பதைச் சுற்றுநிருபங்கள் சொல்லியிருக்கின்றன. குழு செய்ய வேண்டியது பற்றுச்சீட்டில்லாமல் எதையும் வாங்குவதில்லை என்பதும், வருடக் கணக்கைப் பொதுக்கூட்டத்துக்கு முன்பே ஒட்டிவைப்பதும் மட்டுமே.

எழுதிய கொள்கையைப் பேணுவது எழுதுவதைவிடக் கடினம், ஏனென்றால் அதற்கு விழா இல்லை. ஒவ்வொரு கொள்கையின் முதற் பக்கத்திலும் ஏற்றுக்கொண்ட திகதி, கூட்ட அறிக்கையின் இலக்கம், அது சார்ந்திருக்கும் சுற்றுநிருபத்தின் இலக்கம், திரும்பப் பார்க்க வேண்டிய திகதி ஆகிய நான்கும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. புதிய சுற்றுநிருபம் வரும்போது எந்தக் கொள்கை பாதிக்கப்படுகிறது என்பதைப் பிரதி அதிபர் அந்த இலக்கத்தைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் திரும்பப் பார்க்க முற்படுவது வேலைக்காகாது. தவணைக்கு ஒன்று என்றால் குழு சோர்வடையாது. திரும்பப் பார்ப்பது என்பதும் வரிகளைத் திருத்துவதன்று. பதிவேட்டை மீண்டும் எடுத்து, அம்மம்மாவைத் தொலைபேசியில் அழைத்தபின் அந்தப் பிள்ளை வந்ததா என்று பார்ப்பதுதான். வரவில்லையென்றால் வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற வேண்டும். யாருமே பயன்படுத்தாத கொள்கையை நீக்குவதும் பேணுதலில் அடங்கும். நம் பாடசாலைகளில் விதி சேர்ப்பவர்கள் உண்டு, நீக்குபவர்களைக் காண்பது அரிது.

மாறுகிற அதிபருக்கும் மாறாத கொள்கைக்கும் இடையில் பாலமாக இருக்க வேண்டிய ஆவணம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு பாடசாலையிலும் சம்பவத் திரட்டுப் புத்தகம் உண்டு. பழைய பாடசாலைகளில் அதன் முந்தைய தொகுதிகளில் முகாமையாளர் காலத்துக் கையெழுத்தையே காணலாம். ஆனால் அதில் எழுதப்படுவது நடந்தவை, முடிவுகள் எழுதப்படுவதில்லை. இடமாற்றம் பெறும் அதிபர் பொறுப்பைக் கையளிக்கும் நாளில் பொருட்பதிவேடு, காசேடு, காசோலைப் புத்தகம், சாவிக் கொத்து என்று ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்துக் கையொப்பம் வாங்குகிறார். ஒரு கதிரை குறைந்தால் அன்றே விசாரிக்கிறார்கள். கொள்கைக் கோவை அந்தப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்ந்தால், புதிய அதிபர் அதை மாற்றலாம், ஆனால் மாற்றுவதற்குக் குழுவைக் கூட்ட வேண்டியிருக்கும். திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் வாயால் மாற்ற முடியாது.